மஞ்சள் கோட்டுக்கு இந்தப்புறம்

அடுத்த குண்டும் நடுவட்டத்திலேயே போய் விழுந்தது. காதை மூடியிருந்த ரப்பர் கிண்ணங்களைத் தாண்டி அந்தச் சத்தம் என் பல்லில் வந்து முட்டியது. காதால் கேட்டேன் என்று சொல்ல முடியாது. தகரக் கூரைமேல் இருந்த மைனாக்கள் முதல் குண்டுக்கே போய்விட்டன. மண்மேட்டுக்கு முன்னால் பலகையில் ஒட்டியிருந்த தாளில் ஒரு புள்ளி கூடியிருந்தது, அவ்வளவுதான். இத்தனை சத்தத்துக்கு இத்தனூண்டு ஓட்டை. என் வீட்டுக்காரர் கையை இறக்கவில்லை. வலது கை நீண்டிருக்க, இடது கை அதை அடியில் தாங்கியிருக்க, பயிற்சியாளர் ஏகாம்பரம் சார் ஒரே ஒருமுறை செய்துகாட்டிய நிற்பில் அப்படியே நின்றார். பின்னாலிருந்து பார்க்கும்போது வயதே தெரியவில்லை. நான், பார்க்க வந்தவர்கள் தாண்டக் கூடாத மஞ்சள் கோட்டுக்கு இந்தப்புறம் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, தவறட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றாவது மண்ணுக்குள் போகட்டும். கை ஆடட்டும். 'இது நமக்கு ஒத்துவராதுங்க' என்று அவரே மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிடட்டும். வேண்டிக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன். வேண்டிக்கொள்கிற அளவுக்கு எனக்குள் ஒன்றும் கொதிக்கவில்லை. மழை வருவதற்குள் துணி காய்ந்துவிடுமா என்று வாசலில் நின்று பார்ப்பதுபோலத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த குண்டு. பல். புள்ளி. ரகுபதி என் பக்கம் திரும்பிக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். மகள் வாணியைக் கட்டியவர். நேற்று சாயங்காலம் துப்பாக்கிக் கடைக்கும், இன்று காலையில் இந்த ரைபிள் கிளப்புக்கும் எங்களைக் காரில் கூட்டிவந்தவர். நானும் தலையை ஆட்டினேன்.

ஏகாம்பரம் சார் கையைத் தூக்கினால் காதுமூடியைக் கழற்றலாம் என்பது இங்கே விதி. தூக்கினார். கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டதும் வெளிச்சத்தம் எல்லாம் ஒரே வாக்கில் உள்ளே வந்தது: காற்று, மலையடிவாரத்தில் ஏதோ லாரி, ரகுபதியின் சிரிப்பு. "ஐயா, பட்டாளத்துல இருந்தீங்களா?" என்றார் ஏகாம்பரம் சார். அவரே பட்டாளத்துக்காரர்தான், வேலூர்ப் பக்கம். ஓய்வுக்குப் பிறகு இங்கே சொல்லிக்கொடுக்கிறார். "அதெல்லாம் இல்லீங்க, வந்து..." என்று இவர் தொடங்கி, புருவத்தை லேசாகத் தூக்கி என்னைப் பார்த்தார். அந்தப் புருவம் எனக்கும் அவருக்கும் நடுவில் உள்ள சங்கதி. "ஏர்கன் வெச்சிருந்தாங்க சார், கல்யாணமான புதுசுல. சோளக்காட்டுக்குக் கிளி வரும்" என்றேன். "ஆமாங்க, ஏர்கன்" என்றார் இவர், தானே நினைவு வந்து சொன்ன மாதிரி. "கிளி எங்கீங்க வுழுந்துது, சத்தத்துக்கே போயிரும்." "இனிமே திருடன் அப்படிப் போயிருவான் மாமா" என்றார் ரகுபதி. மூன்று ஆண்களும் சிரித்தார்கள். மேசைமேல் அந்த ரிவால்வர் வாயை மலைப் பக்கம் வைத்துக் கிடந்தது. காலையில் பெட்டியைத் திறந்ததுமே ஏகாம்பரம் சாருக்குச் சிரிப்பு. "பூசையெல்லாம் ஆயிருக்கே" என்றார். நான்தான் போட்டேன், நேற்று மகள் வீட்டில் விளக்கு வைத்ததும். மோட்டார், டிராக்டர், கிரைண்டர் என்று எது புதிதாக வந்தாலும் சந்தனமும் குங்குமமும் வைத்துத்தான் பழக்கம். எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. "நசுக்கறதுக்கு டயர் இல்லையேம்மா" என்றாள் வாணி. குழலின் நுனியில் குறி பார்ப்பதற்குச் சின்னதாக ஒரு முனை இருக்கிறதாம். நான் வைத்த சந்தனம் சரியாக அதன் தலைமேல் காய்ந்து உட்கார்ந்திருந்தது. "இதோட சுட்டா குண்டு தரையிலதாம்மா போவும்" என்று ஏகாம்பரம் சார் சொல்லிப் பழைய பனியன் துணியால் சுரண்டித் துடைத்தார். துடைக்காமல் விட்டிருக்கலாம். துடைத்துக்கொண்டேதான் சொன்னார்: "சுட்டு முடிச்சப்புறம் ஒரு சின்னப் பரீட்சை வெப்பேன். அதுல தேறினா இது இன்னைக்கே உங்களோட வரும். இல்லேன்னா நம்ம லாக்கர்ல இருக்கட்டும், இன்னொரு நாள் வாங்க." பரீட்சை என்றதும் ரகுபதி, "மாமா எல்லாத்துலயும் பாஸ்" என்றார். தேறாமலும் போகலாம் என்பதை நான் அப்போதே பிடித்துக்கொண்டேன்.

இந்தத் துப்பாக்கிக்கு மனுப் போட்டபோது இவர் வேறு ஆள். அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை. வாய்க்காலைத் தாண்டி இரண்டாவது தோட்டத்து வீட்டில் நல்லதம்பி அண்ணனையும் அவர் சம்சாரத்தையும் நகைக்காக யாரோ அடித்துக் கொன்றுபோட்டபோது, காலையில் பால் எடுக்க வந்த வண்டிக்காரன்தான் முதலில் பார்த்தான். டீவி ஓடிக்கொண்டிருந்ததாம். நாய்க்குக் கறி போட்டிருந்தார்கள். அந்தக்கா முந்தின நாள்தான் எனக்கு ஒரு பை முருங்கைக்காய் கொடுத்தனுப்பியிருந்தது. செய்தி வந்த நேரம் அதில் பாதி எங்கள் அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் இறக்கிவைத்தேன். பிறகு சாப்பிட்டோம். அந்த மாதம் எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் எல்லாரும் எதையாவது வாங்கினார்கள். சிலர் கேமரா, சிலர் இரும்புக் கிரில், மாராக்கா வீட்டில் கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு நாய். வாணி, "ரெண்டு பேரும் இங்க வந்துருங்க, ஒன்பதாவது மாடிக்கு எவனும் ஏறி வர மாட்டான்" என்றாள். இவர், "ஒன்பதாவது மாடில நான் என்ன கண்ணு பண்ணுவேன், கொடியில காயற துண்டாட்டம் நிக்கோணும்" என்று சொல்லிவிட்டுத் துப்பாக்கிக்கு எழுதிப்போட்டார். டாக்டர் பரிசோதித்து, மனம் உடல் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு அது உண்மை. தாலுகாவிலிருந்து கலெக்டர் ஆபீஸ், அங்கிருந்து போலீஸ், போலீஸிலிருந்து மறுபடி தாலுகா என்று அந்த மனு நடந்துகொண்டிருந்த காலத்தில் இவரும் உள்ளுக்குள் எங்கேயோ நடக்கத் தொடங்கியிருந்தார். மனு லைசென்ஸாகத் திரும்பி வந்துவிட்டது.

முதலில் போனவை பெயர்கள். கருப்பட்டிக் கடைக்காரர் பெயர், பக்கத்துத் தோட்டத்துப் பையன் பெயர், பிறகு சொந்தத் தம்பியின் பெண்டாட்டி பெயர். கை மட்டும் எதையும் விடவில்லை. தென்னை ஓலை பின்னும், கயிறு முடிச்சுப் போடும், மோட்டார் ஃபியூஸைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டும். கைக்கு ஒருமுறை சொன்னால் போதும், இன்றைக்கும் பார்க்கிறேனே. பெயர்களுக்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். யார் வாசலில் வந்தாலும் நான் முந்திக்கொண்டு, "வாங்க வேலுச்சாமியண்ணா, கோபியில இருந்து இப்பத்தான் வர்றீங்களா" என்று உள்ளே இருப்பவருக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்வேன். போன் வந்தால், "கோயமுத்தூர்ல இருந்து உங்க மக வாணி பேசறா" என்று சொல்லித்தான் கையில் கொடுப்பேன். அவரும், "என்ன வாணி, சவுக்கியமா" என்பார். அழகாக நடந்தது. ஒரே ஒரு சிக்கல், ரகுபதிதான். "அத்தை எதுக்கு எப்பவும் கத்தியே பேசறாங்க" என்று வாணியிடம் கேட்டு, வாணி என்னிடம் கேட்டு, நான், "உங்கப்பாவுக்குக் காது மந்தம்" என்று சொல்லிவைக்க, அடுத்த ஞாயிற்றுக்கிழமையே இவரைக் காது டாக்டரிடம் கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டார்கள். கண்ணாடி அறைக்குள் பெரிய காதுமூடி மாட்டிக்கொண்டு, விசில் கேட்டபோதெல்லாம் விரலைத் தூக்கினாராம். இருபது வயதுக்காரன் காது என்று டாக்டர் சொன்னாராம். "அப்ப அத்தைக்குத்தான் மந்தம்" என்று முடிவாகிவிட்டது. சரி என்று நானும் அதை வைத்துக்கொண்டேன். இன்றைக்குக்கூட இங்கே வந்து இறங்கியதும், "ஏகாம்பரம் சார் வந்திருக்காரு பாருங்க" என்று மூன்றுமுறை சொல்லிவிட்டேன். அந்த மனிதர் என்னைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தார்.

என் பெயர் மட்டும்தான் இந்தக் கணக்கில் வராதது. துளசிமணி. எங்கள் பக்கத்தில் அந்த வயசு ஆண்கள் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள்; இவரும் கூப்பிட்டதில்லை. "ஏ புள்ள" என்பார். கோபமாக இருந்தால் "ஏ புள்ளே" என்று கடைசியில் நீளும். பேங்கிலும் ஆஸ்பத்திரியிலும்தான் என் பெயரைக் கேட்கிறேன், அதுவும் "துளசிமணி யாரு" என்று கேள்வியாக. ஆகவே மற்ற பெயர்களோடு அதுவும் போய்விட்டதா, உள்ளே எங்காவது பத்திரமாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. கேட்டால் தெரியும். கேட்க மாட்டேன். தாராபுரத்தில் ஒரு கல்யாணத்தில் இவருடைய பெரியப்பா மகன் குப்புசாமி அண்ணனை மண்டபத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். அவருக்கு இதே வியாதி, முற்றிப்போனது. போகிறவர் வருகிறவரெல்லாம் குனிந்து, "என்னைத் தெரியுதுங்களா, நான் யாரு சொல்லுங்க பாக்கலாம்" என்று கேட்டார்கள். அவர் ஒவ்வொருவரையும் பார்த்துச் சிரித்தார். பதில் தெரியாத பையன் பரீட்சையில் சிரிக்கிற சிரிப்பு. ஒருத்தி தன் குழந்தையைத் தூக்கிவந்து, "இது யாரு சொல்லுங்க" என்றாள். அந்தக் குழந்தையை அவர் முன்னே பின்னே பார்த்ததே கிடையாது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்று எண்ணெய்க் கத்திரிக்காய் என்னவோ வைத்திருந்தார்கள், நான் தொடவில்லை. இவரை யாரும் அப்படிக் கேட்க விடமாட்டேன் என்று அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்துதான் முடிவு செய்தேன். அதனால்தான் வாணியிடம்கூடச் சொல்லவில்லை. காரில் வரும்போது ரகுபதியிடம் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். காரில் முன் சீட்டில் இவர் உட்கார்ந்திருந்தார்.

சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு விஷயம். மாசியில் ஒரு விடிகாலை, பால் கறந்துகொண்டு சொம்போடு உள்ளே வருகிறேன், வாசல் நடையில் இவர் கொடுவாளோடு நிற்கிறார். "யாரு நீ? யாரு உன்ன உள்ள உட்டது?" என்றார். குரலில் பயம்தான் இருந்தது, கோபம் இல்லை. "நாந்தானுங்க" என்றேன். "நான்னா யாரு?" வாசல் வெளிச்சம் என் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை என்று அன்று பகல் முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அசையாமல் நின்றேன். "செவலை இன்னிக்கு எட்டி ஒதைக்குது, காம்புல புண்ணாட்டம் இருக்குதுங்க" என்றேன். மாட்டைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் மெல்லத் திரும்பி வந்தது. "மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டு உடு" என்றார். கொடுவாளைப் பார்த்து, இது எதற்குக் கையில் என்பதுபோலச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டுப் பல் தேய்க்கப் போனார். பால் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. கொடுவாளை மாட்டுத் தீவனச் சோளத்தட்டுப் போர் மேலே கொண்டுபோய்ச் சொருகிவிட்டேன். கொடுவாள் என்றால் நடந்து கிட்டே வர வேண்டும். வருவதற்குள் ஒரு மாட்டைப் பற்றிச் சொல்ல நேரம் இருக்கும். இந்தத் தாளில் இருக்கிற புள்ளிகளைப் பார்க்கிறேன். நிற்கிற இடத்திலிருந்து அதுவரைக்கும் உள்ள தூரம் ஏறக்குறைய எங்கள் வீட்டுக் கட்டிலிலிருந்து நடைக்கதவு வரைக்கும்தான்.

"இன்னொரு சுத்து போட்டுருவோமா ஐயா?" ஏகாம்பரம் சார் தோட்டாக்களை ஒவ்வொன்றாக இவர் உள்ளங்கையில் வைத்தார். இவர் அவற்றைச் சிலிண்டருக்குள் விட்ட விதத்தைப் பார்க்க வேண்டும், வெங்காய நாற்று ஊன்றுவதுபோல, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசமில்லாமல். காதுமூடியை மேலே ஏற்றிக்கொண்டேன். அமுங்கிய அமைதிக்குள் என் மூச்சே எனக்குக் கேட்டது. சுட்டார். பல். சுட்டார். இந்தச் சத்தத்துக்கு உடம்பு பழகிவிட்டது என்பதைக் கவனித்தேன். முதல் சுற்றில் தோள் குலுங்கியது, இப்போது கண்ணிமை மட்டும். எல்லாவற்றுக்கும் பழகிவிடுகிறது. அவர் திடீரென்று திரும்பினார். ஏதோ சொல்ல வந்தவர் மாதிரி, அல்லது யாரோ கூப்பிட்ட மாதிரி, முழு உடம்போடும் என் பக்கம் திரும்பினார், கை நீட்டியது நீட்டியபடி. குழலின் வாய் இங்கிருந்து பார்க்கும்போது அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை. தாளில் விழுகிற ஓட்டைக்குச் சரியான அளவுதான். ஓரத்தில் சந்தனம் கொஞ்சம் இன்னும் ஒட்டியிருந்தது தெரிந்தது, அல்லது தெரிந்ததாக நினைத்தேன். அதற்கு மேலே அவர் கண்கள். ஏகாம்பரம் சார் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்துக் கையை மண்மேட்டுப் பக்கம் திருப்பினார். சாரின் வாய் பெரிதாகத் திறந்து மூடியது. காதுமூடியை இறக்கும்போது கடைசி வார்த்தைகள்தான் கேட்டன: "...எப்பவும் முன்னாடி! யாரு கூப்பிட்டாலும் சரி, திரும்பக் கூடாது!" "அட, ஆமாங்க, மன்னிச்சுக்கோங்க" என்றார் இவர், நிஜமாகவே வெட்கப்பட்டு. ரகுபதிக்கு முகம் வெளுத்துவிட்டிருந்தது. ஆனாலும் நிலைமையைச் சரிக்கட்ட வேண்டுமே. "மாமா, திருடன் வர்றதுக்கு முன்னாடியே அத்தைய முடிச்சுராதீங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது இப்படித் திரும்புவார்கள் என்று ஏகாம்பரம் சார் எனக்குச் சமாதானம் சொன்னார். இருக்கலாம். அந்தக் கண்களில் நான் பார்த்தது மாசி விடிகாலைதானா, வெயில் முகத்துக்கு நேராக அடித்ததால் சுருங்கிய கண்களா என்று இப்போது எண்ணிப் பார்த்தால் நிச்சயமில்லை. மீதிக் குண்டுகளையும் சுட்டார். நடுவட்டம் கிழிந்து தொங்கியது.

"நானே இப்படிச் சுட்டு ரொம்ப நாளாச்சு ஐயா" என்று ஏகாம்பரம் சார் தாளைக் கழற்றி இவர் கையில் கொடுத்தார். கல்யாணப் பத்திரிகையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பரீட்சை தொடங்கியது. விரலை எங்கே வைக்க வேண்டும் என்று சார் கேட்டார். இவர் பதில் சொல்லாமல் வைத்துக் காட்டினார். குண்டு இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்றார். சிலிண்டரைத் தள்ளி வெளிச்சத்துக்குக் காட்டினார். கை, எல்லாம் கை. "துப்பாக்கியும் தோட்டாவும் எங்க இருக்கணும்?" "தனித்தனியா வெச்சுப் பூட்டோணுங்க." ரகுபதி வாட்சைப் பார்த்தார், வழியில் சாப்பிட்டுவிட்டு மத்தியானத்துக்குள் எங்களைத் தோட்டத்தில் இறக்கிவிடுவதாகப் பேச்சு. "கடைசி" என்றார் ஏகாம்பரம் சார். "வீட்டுக்குள்ள ஏதோ நடமாட்டம். எந்திரிச்சுட்டீங்க. இது கையில இருக்கு. முதல்ல என்ன பண்ணணும்?" இவர் யோசித்தார். "யாருன்னு பாக்கோணும்." "இருட்டுல பாத்தா தெரியுமா? வீட்ல இருக்கறவங்க பேரைச் சொல்லிக் கத்தணும். பதில் வந்துச்சா, கீழ வெச்சிரணும். அவ்ளோதான். இத மட்டும் நான் வுட்டுக்கொடுக்கவே மாட்டேன். அம்மா பேரைச் சொல்லிக் கத்துங்க, கேக்கறேன்."

ரகுபதி சிரித்துவிட்டார். "சார், நல்லா மாட்டி வுட்டீங்க. மாமா அத்தைய பேர் சொல்லிக் கூப்பிட்டு யாருமே பாத்ததில்லீங்க." "தெரியும் சார். தோட்டத்துக்காரங்க எல்லாரும் இந்த எடத்துலதான் நிப்பாங்க. போன மாசம் ஒருத்தரு, மொதல்ல அவள வெளிய அனுப்புங்க, அப்புறம் சொல்றேன்னாரு." "ஒரு நிமிசம் சார், வாணிக்கு வீடியோ எடுத்து அனுப்பறேன்" என்று ரகுபதி செல்போனை எடுத்து இவர் முகத்துக்கு நேராகப் பிடித்தார். "ம், கூப்பிடுங்க மாமா. அத்தை ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாங்க." இவர் சிரித்தார். பார்க்கிறவர்களுக்கு அது வெட்கம். அந்தச் சிரிப்பை நான் தாராபுரத்து மண்டப வாசலில் பார்த்திருக்கிறேன். கையில் தாள் லேசாகச் சுருண்டு விரிந்தது. "இது யாரு, சொல்லுங்க" என்றார் ஏகாம்பரம் சார், என்னைக் கைகாட்டி, விளையாட்டாகத்தான். உதவி செய்வது சுலபம். 'துளசிமணின்னு சொல்லுங்க, சார் காத்துட்டிருக்காரு' என்று எப்போதும்போலச் சத்தமாகச் சொன்னால் போதும். காது மந்தமான பொம்பளை கத்துகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் உடனே சொல்லிவிடுவார். இத்தனை வருசத்தில் முதல்முறையாக அவர் குரலில் அதைக் கேட்டிருப்பேன். எப்படி இருக்கும், 'துளசி' அழுந்தி வருமா, 'மணி' நீளுமா. பிறகு பெட்டி மூடப்படும், பெட்டி காரில் ஏறும், மத்தியானம் எங்கள் வீட்டு பீரோவில் இருக்கும், சாவி அவர் இடுப்பில். பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது; பழக்கம். மண்மேட்டுக்கு மேலே மைனாக்கள் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தன. அவர் போனைப் பார்த்தார், ஏகாம்பரம் சாரைப் பார்த்தார், பிறகு புருவத்தை லேசாகத் தூக்கி, எப்போதும்போல என் பக்கம் திரும்பினார். நான் கழுத்தில் கிடந்த காதுமூடியை எடுத்து இரண்டு காதிலும் வைத்து, அடியில் மாட்டிக்கொண்ட முடியை விரலால் எடுத்துவிட்டேன்.